கலிங்கத்துக்குப் போன மகன்

சாலை, திருவனந்தபுரம்
18-1-1974

மகன் சொரிமுத்துவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். குடோன் வேதமாணிக்கம் எழுதி நீ தெரிந்துகொண்டால், அவன் தன் பங்குக்கு இரண்டு மடங்கு சேர்த்திருப்பான்.

பொங்கலன்று உன் படம் இங்கே வந்தது. ‘கலிங்கம் வென்ற கருணாகரன்.’ சோழ ராஜாவின் சேனாதிபதி கதை என்று தம்பானூர் முழுக்க ஆள் உயரத்துக்குப் போஸ்டர். கார்த்திகையில் உன் அம்மாவுக்கு நீ போட்ட கார்டில், அதில் போர்வீரனாக வருகிறேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா? நான் அதைப் படிக்காதவன்போல இருந்தேன். மறுநாள் காலையிலேயே குடோனில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இரண்டரை வருஷமாக உன் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறவன், மூட்டை தூக்குகிற பதினாலு பேரையும் டீக்கடை மைதீனையும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேட்னிக்குப் போனேன். திரையில் வந்த சோழப் படையைவிட நாங்கள்தான் கூட்டமாக இருந்தோம்.

பெயர் போடும்போதே எனக்குத் தோல்வி. வீரர்களாக நடித்தவர்கள் என்று ஒரு பட்டியல் ஓடியது. எட்டாம் வகுப்பு படித்தவன் வேகத்துக்கு அவர்கள் ஓட்டவில்லை. நான் முதல் பெயரை எழுத்துக் கூட்டுவதற்குள் யானை வந்துவிட்டது.

அடுத்து ராஜசபை. சிம்மாசனத்துக்குப் பின்னால் ஈட்டி பிடித்து ஒருவன் நிற்கிறான். தலைக்கவசம் புருவம் வரை இறங்கியிருக்கிறது. கீழே தெரிகிற மூக்கு நம் வீட்டு மூக்கு. எனக்கு என்ன வந்ததோ, சீட்டின் மேல் ஏறிவிட்டேன். “அதோ நிக்கான் பாருங்கடே, எம் மவன்!” என்று கத்தினேன். நம் ஆட்கள் விசிலடித்தார்கள். மைதீன் காகிதத்தைக் கிழித்து எறிந்தார். அடுத்த காட்சியில் அந்த வீரன் கவசத்தைக் கழற்றினான். முழு வழுக்கை. வயது ஐம்பதுக்குக் குறையாது.

“அண்ணாச்சி, அது உங்க மவன் இல்ல, உங்க அண்ணன்” என்றான் வேதமாணிக்கம். இன்றைக்கும் சாலைக் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், “அண்ணன் சுகமா?” என்றுதான் கேட்கிறார்கள்.

படத்தைப் பற்றி நான் சொல்லக்கூடாது, உன் சோறு அது. ஆனாலும் சொல்கிறேன். சேனாதிபதி போருக்குப் புறப்படுவதற்கே இடைவேளை வந்துவிட்டது. அதுவரை வாளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். இடைவேளைக்குப் பிறகு மீசை ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது. ஆயிரம் யானை என்றார்கள். காது கிழிந்த ஒரே யானை ஐந்து தடவை போனதை மைதீன் எண்ணினார். எல்லாவற்றுக்கும் மேல், கலிங்கப் படைக்குப் பின்னால் ரப்பர் மரங்கள். மரத்துக்கு மரம் பால் வடிகிற சிரட்டை கட்டியிருக்கிறது. இந்த ஊர்க்காரனுக்கு அது தெரியாதா? பின்னாலிருந்து ஒருவன், “சேனாபதியே, ரப்பர் வெட்டான் வந்நதாணோ?” என்று கேட்டானே பார்க்கலாம், சேனாதிபதி ரப்பர் வெட்ட வந்தவராகிவிட்டார், கொட்டகையே கூவித் தீர்த்தது.

உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எங்க அவன், எங்க அவன்?” என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும், “இத்தனை பேர்ல ஒருத்தன் எம்புள்ளதான, எல்லாம் நல்லா இருக்கட்டும்” என்றாள். செத்த கலிங்கப் படைக்கும் சேர்த்துத்தான்.

இப்போது உன்மேல் என் ஆவலாதி. கலிங்கத்து மகாநதி என்று ஒரு ஆற்றைக் காட்டினார்களே, அது மகாநதி இல்லை மக்கா. அது நம் கல்லாறு. யூனியன் லாரியில் எல்லோரும் போனபோது, ஆறு வயதில் நீ வழுக்கி விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்ட பாறை, அதன் மேல்தான் சேனாதிபதி காலை வைத்துக்கொண்டு நிற்கிறார். அப்படியானால் நீ கல்லாறு வரை வந்திருக்கிறாய். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். வந்தாயா? வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனாயா?

பதில் போடு. அம்மாவுக்குப் போடுகிற கார்டில் ஓரத்தில் எழுதாதே. எனக்கென்று எழுது.

இப்படிக்கு
கோமதிநாயகம்


கோடம்பாக்கம், சென்னை
26-1-1974

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து, பிரிக்காமல் அரை நாள் வைத்திருந்தேன்.

நான் வந்த காட்சிகளை வெட்டிவிட்டார்கள். நீளம் அதிகம் என்றார்களாம். அதனால் இனிமேல் யாரும் தேட வேண்டாம். நீங்களும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டாம். இங்கேயும் படம் ஓடவில்லை. இரண்டாவது வாரமே காலைக் காட்சி ஆக்கிவிட்டார்கள்.

கல்லாற்றுக்கு நான் வரவில்லை. அங்கே போனது வேறு கோஷ்டி. எனக்கு இங்கே செட்டில்தான் வேலை.

எனக்காக நீங்கள் சீட்டில் ஏறிக் கத்தினீர்கள் என்பதை நம்ப முடியவில்லை. கடைசியாக நீங்கள் என்னைப் பார்த்துக் கத்தியது நம் வீட்டு மாடிப்படியின் மேலே நின்று. “கூத்தாடப் போறவன் போ. உன் காலு இனி இந்தப் படி ஏறக்கூடாது” என்றீர்கள். பதினொரு படியும் இறங்கித் தெருவுக்கு வரும் வரை அது பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. குறையாக எழுதவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

பங்குனிக்கு வரச்சொல்லி அம்மா கேட்டிருந்தாள். வேலை இருக்கிறது, வர இயலாது என்று சொல்லிவிடுங்கள்.

சொரிமுத்து


சாலை, திருவனந்தபுரம்
5-2-1974

மகன் சொரிமுத்துவுக்கு,

நீ பார்க்க வேண்டாம் என்று எழுதியதால் போய்ப் பார்த்தேன். உன் அப்பனை உனக்குத் தெரியாததா?

கடைசி இரண்டு நாள் என்று போஸ்டரில் ஒட்டியிருந்தார்கள். தனியாகப் போனேன். கொட்டகையில் என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர், அதில் நாலு பேர் தூக்கம். திரைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை மூக்கைத் தேடவில்லை. மூக்கை நம்பி ஒருமுறை கெட்டாயிற்று.

கடைசிப் போர். ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவு. பத்துப் பன்னிரண்டு குதிரைகள் வருகின்றன. இடது ஓரத்தில் ஒரு செம்பட்டைக் குதிரை பாறையில் இடறிச் சாய்கிறது. மேலே இருந்தவன் சரிகிறான்.

டே, நானும் இந்தப் படத்தில் இருநூறு பேர் விழுந்து பார்த்துவிட்டேன். சினிமாக்காரன் எல்லாம் இரண்டு கையையும் விரித்து, ஆகாயத்தைப் பார்த்துவிட்டுத்தான் விழுகிறான். இவன் அப்படி விழவில்லை. தாடையை நெஞ்சில் அமர்த்தி, வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியை மூடிக்கொண்டு, தோளைக் கொடுத்து விழுந்தான்.

அது சாலைக் குடோன் விழுகை. அரிசி மூட்டையோடு பலகையில் வழுக்குகிறவன் விழுகிற விழுகை. நீ வேலைக்கு வந்த முதல் வாரத்தில், காலிச் சாக்கை விரித்துப்போட்டு உன்னை நாற்பது தடவை விழவைத்து நான்தான் படிப்பித்தேன். மூட்டை போனால் போகட்டும், முதலாளி வேறு வாங்குவார், பிடரி போனால் உனக்கு வேறு கிடைக்காது என்றேன். நீ சிரித்தாய். குதிரை மேலிருந்து விழுகிறவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க மெட்ராஸில் யார் இருக்கிறார்கள்?

குதிரை அவனுடைய இடது காலின் மேல் விழுந்தது. புரண்டது. எழுந்து ஓடிவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. அதற்குள் சேனாதிபதி முகத்தைக் காட்டிவிட்டார்கள். அவர் சிரிக்கிறார்.

மறுநாளும் போனேன். மறுநாளும் அவன் எழுந்திருக்கவில்லை.

போன வருஷம் சித்திரையிலிருந்து உன் கார்டில் விலாசம் வேறாக இருக்கிறது. ஒரு கார்டில் ‘காலில் சின்ன வலி’ என்று எழுதி, அடித்திருந்தாய். மையால் அடித்ததையும் வாசிக்கிறவன் நான். அடிக்காததை வாசிப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

படம் நேற்றோடு போய்விட்டது. வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். இனிப் போய்ப் பார்க்க எனக்கு வழி இல்லை. நீதான் சொல்ல வேண்டும். செட், வேறு கோஷ்டி, வெட்டிவிட்டார்கள் என்றெல்லாம் எழுதாதே. உன் அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. காலுக்கு என்ன?

அப்பா


கோடம்பாக்கம், சென்னை
14-2-1974

அப்பா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

கல்லாற்றுக்கு வந்தேன். போன வருஷம் மாசி மாதம், ஒன்பது நாள் வேலை. கடைசி நாள் சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வருவதாக இருந்தேன். அம்மாவுக்கு ஒரு புட்டி காட்டுத்தேன் வாங்கி வைத்திருந்தேன். உங்களிடம் என்ன பேசுவது என்றுகூட ஒத்திகை பார்த்தேன். படி ஏறமாட்டேன், கீழே நின்று அம்மாவைக் கூப்பிடுவேன், அப்பா எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

அன்றைக்கு மத்தியானம் குதிரைக்காரர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். யாருக்குக் குதிரை ஏறத் தெரியும் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். நான் குதிரையை அதற்குமுன் தொட்டதுகூட இல்லை. நடந்து வருகிறவர்கள் ஐந்நூறு பேர் அப்பா. குதிரைமேல் வருகிறவர்கள் பன்னிரண்டு பேர்தான். நீங்கள் என்றைக்காவது கோபம் தணிந்து படம் பார்க்க வந்தால், கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாமே என்று நினைத்தேன்.

பிடரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கை தானாகப் பின்னால் போனது.

திருவனந்தபுரத்தில்தான் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பதினோரு நாள். வீட்டுக்குச் சொல்லியனுப்பவா என்று கம்பெனி மானேஜர் தினமும் கேட்டார். ஊரில் எனக்கு யாரும் இல்லை என்று சொன்னேன். பன்னிரண்டாம் நாள் மெட்ராஸ் மெயிலில் ஏற்ற வேனில் கொண்டுபோனார்கள். வழியில் ஏதோ கட்சி ஜாதா, ஊர்வலம் ரோட்டை அடைத்திருந்தது. டிரைவர் சாலைக் கடைத்தெருவுக்குள் திருப்பிவிட்டான். வேன் நம் குடோன் வாசலில் மாட்டிக்கொண்டது. நான் படுத்திருந்தேன், பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நீங்கள் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு மைதீன் மாமாவிடம் ஏதோ சொல்ல, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கை நீட்டினால் உங்கள் தோள் துண்டைத் தொட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதைக் கெடுக்க மனசில்லை.

இங்கே வந்த பிறகு புண் புரையோடிவிட்டது. இடது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சித்திரை பத்தாம் தேதி.

கட்டை வைத்து நடக்கிறேன். டிரஸ் கம்பெனியில் உட்கார்ந்த வேலை. தலைக்கவசங்களுக்கு வர்ணம் அடிக்கிறேன், அறுந்த வார் தைக்கிறேன். உங்கள் ‘அண்ணன்’ போட்டிருந்த கவசம்கூட இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. உள்ளே துணி வைத்துத் தைத்திருக்கிறேன், இனி புருவத்தில் இறங்காது.

நீங்கள் அன்று சொன்னதால் இப்படி ஆயிற்று என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் நினைப்பீர்கள் என்று தெரியும். அதற்குத்தான் எழுதாமல் இருந்தேன். இனி நீங்களே வா என்றாலும் அந்தப் பதினொரு படி எனக்கு ஆகாது. பக்கத்து வீட்டார் பார்க்க யாராவது தூக்கிக்கொண்டு ஏறுவதற்கு நான் வரமாட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சொரிமுத்து


கரமனை, திருவனந்தபுரம்
10-3-1974

மகன் சொரிமுத்துவுக்கு,

மேலே விலாசத்தைப் பார்த்தாயா? கரமனை. வீடு மாறிவிட்டோம்.

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. அதில் நாலு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. அதன்பிறகு வீடு தேடினேன். இந்த ஊரில் வீடு கிடைக்கும், படி இல்லாத வீடு கிடைக்காது. மேடும் பள்ளமுமான ஊர். ஒவ்வொரு வாசலிலும் நின்று நான் படியை எண்ணுவதைப் பார்த்து, புரோக்கர் பகவதிப்பெருமாள், “அண்ணாச்சி வீடு பாக்காரா, சபரிமலைப் படிக்கு நேர்ச்சையா?” என்று கேட்டார். எனக்கு முட்டிவலி என்றேன். அன்றிலிருந்து ஊரெல்லாம் எனக்கு முட்டிவலி. மைதீன் குழம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தேய்க்காவிட்டால் கோபித்துக்கொள்வார் என்று தினமும் தேய்க்கிறேன். இல்லாத வலிக்கு இவ்வளவு நாற்றமான மருந்து வேறு எங்கும் இருக்காது.

கடைசியில் ஆற்றுப் பக்கம் இந்த வீடு. ஒரு அறை, ஒரு அடுக்களை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வருமாம். தண்ணீரே தடையில்லாமல் வருகிற வாசல் என்றால் எனக்கு அது போதும் என்று பிடித்துவிட்டேன். வாசலில் ஒரு கல் மட்டும் இரண்டு அங்குலம் துருத்தியிருந்தது. வேதமாணிக்கமும் நானும் கடப்பாரையால் பெயர்த்து எடுத்தோம். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அவன் வேலை செய்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றாய், என்னால் முடியவில்லை. சாமானெல்லாம் கட்டிக்கொண்டிருந்தவள், “இந்த வயசுல எதுக்கு வீடு மாத்தணும், ஒமக்கு எப்பய்யா முட்டி வலிச்சுது?” என்று கேட்டாள். அவளிடம் முட்டிக் கதை செல்லுபடியாகாது. சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன். “எந்தக் காலு?” என்றாள். இடது என்றேன். கட்டின சாமானை எல்லாம் மறுபடி அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், “அந்தச் செத்த படைக்குச் சொன்னேன்லா, நல்லா இருக்கட்டும்னு, அது அவனுக்கும் சேந்ததுதான?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த வேனைப் பற்றி எழுதியிருந்தாயே. அன்று மைதீனிடம் என்ன சொல்லிச் சிரிக்கவைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். மைதீனையும் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. ஒரு வருஷம்கூட நிற்காத ஒரு சிரிப்பு. அதைக் கெடுக்க மனசில்லை என்று நீ பேசாமல் போய்விட்டாய். இனி அப்படிச் செய்யாதே. நான் சிரித்துக்கொண்டிருந்தால் வந்து கெடு. அதற்குத்தான் பிள்ளை.

படிமேல் நின்று நான் சொன்ன சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று நாளாக உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்ததில் எனக்குத் தெரிந்த வார்த்தையே கொஞ்சம். அதில் இருந்து பொறுக்கி எடுத்து உனக்கு நான் கொடுத்தது அந்த ஒன்று. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். கழுதை என்றிருக்கலாம். அந்தப் படியை நான் கடைசியாக இறங்கும்போது சாமான் எதுவும் எடுக்காமல், வெறும் கையோடு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பிடித்து இறங்கிப் பார்த்தேன். நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ வேலையை விட்டு வர வேண்டாம். பத்து நாள் வா. தம்பானூர் ஸ்டேஷனுக்கு நான் குடோன் கைவண்டியோடு வருவேன். நீ அதில் ஏறமாட்டாய், தெரியும். உன் பையையாவது வை. பக்கத்து வீட்டார் யாருக்கும் இங்கே நம்மை இன்னும் தெரியாது. உன்னை யாரும் தூக்க வேண்டாம். வாசல் தரையோடு தரையாக இருக்கிறது, நான் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், நேராக உள்ளே போனது.

இனி ஒன்று பாக்கி. மறுநாளும் போனேன் என்றேனே, அந்தக் கடைசிக் காட்சியில் நடந்ததை உனக்கு முழுதும் எழுதவில்லை. குதிரை விழுந்தபோது பின்னாலிருந்து இரண்டு பேர் கை தட்டினார்கள். மூன்று மணி நேரப் படத்தில் அந்த ஒரு இடம்தான் நிஜம்போல இருக்கிறது என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னான். அவர்கள் மேல் தப்பில்லை. குதிரை எழுந்து ஓடியது. நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பொங்கலன்று யாரோ ஒரு வழுக்கைத் தலையனைப் பார்த்துக் கொட்டகை அதிரக் கத்தியவன், அன்றைக்குத் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். சேனாதிபதி சிரித்துக்கொண்டே இருந்தார். தொண்டை வரை வந்து, நான் சத்தமாகச் சொல்லாமல் விட்டது இதுதான்:

எந்திரி மக்கா, எந்திரி, வீட்டுக்குப் போவோம்.